கைகழுவக் கற்பித்தல்: நமது சங்கத்தின் நிலைப்பாடு

மேகமலைத் தோட்டங்களில் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளுக்குக் கைகழுவும் முறையைக் கற்பித்து, கற்றதற்கு அத்தாட்சியாகப் பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டுமென்ற முடிவைக் குறித்து சிகிச்சை நிலைய ஊழியர்களாகிய நமது சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி ஆலோசித்தது. சோப்பிட்டுக் கைகழுவும் வழக்கம் வயிற்றுப்போக்கைக் கணிசமாகக் குறைக்கும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை; ஆகவே கற்பித்தலைச் சங்கம் கொள்கையளவில் வரவேற்கிறது.

ஆயினும், தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்களில் ஏறியிருக்கும் கருமை அழுக்கன்று. இலைச்சாறு காற்றுப்பட்டுக் கறுத்துத் தோலில் ஊறிய கறை. அந்தக் கையை வரிசையில் நிற்போர் முன்னிலையில் பிடித்துக் காட்டி, "இப்படி இருந்தால் நோய் வராமல் என்ன செய்யும்?" என்று கேட்பதைச் சுகாதார போதனை என்று ஒப்புக்கொள்ள எங்களால் இயலாது. 1847-இல் வியன்னாவின் பிரசவ மருத்துவமனையில், பிரேதப் பரிசோதனை முடித்து வந்த வைத்தியர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவச் செய்த செம்மல்வைஸ், தாய்மாரின் மரணத்தைக் குறைத்தது வைத்தியர்களைத் திருத்தித்தானே ஒழிய, தாய்மாருக்கு உபதேசித்தன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு நெறிமுறை கூறும், கைச்சுத்தம் பேண வேண்டிய ஐந்து தருணங்களும் சிகிச்சை அளிப்போரின் கைகளைப் பற்றியவையே. எனவே பாடம் முதலில் எங்களுக்கு நடக்கட்டும், "நீங்கள் கைகழுவினீர்களா?" என்று நோயாளி எங்களைக் கேட்கலாம் என்பதும் அதில் சேரட்டும்.

மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என அணைகட்டி நீர் தேக்கி மின்சாரம் எடுக்கும் இந்த மலையில், எந்தச் சிகிச்சை நிலையத்திலேனும் குழாய் வறண்டிருக்குமானால், அதற்கு மேலே கைகழுவும் படத்தை ஒட்டுவது பரிகாசமன்றி வேறென்ன? தோட்டத்தில் குடிநீரும் கழிப்பிடமும் நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது.

ஆகவே சங்கம் கோருவன:

1. குழாயும் சோப்பும் முன்னே, பாடம் பின்னே.

2. கிருமிநாசினித் திரவம் பூச்சிமருந்தையும் பிசினையும் அகற்றாதாதலால் அதைச் சோப்புக்கு ஈடாக வைக்கலாகாது.

3. பாடம் இயன்றவரை லயன் வீட்டுப் பெண்களைக் கொண்டே நடத்தப்படுவது உசிதம்.

4. கையொப்பமும் கைநாட்டும் வாங்கும் ஏற்பாடு கைவிடப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கை ஏற்கப்படாவிடில் பதிவேட்டை நிரப்ப மறுப்பதா, அவகாசம் கேட்பதா என்பதில் குழுவில் ஏகமனதில்லை. தற்போதைக்கு, உறுப்பினர்கள் கற்பிக்கலாம்; ஆனால் தண்ணீர் வராத நிலையத்தில் "கற்பிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டாமெனச் சங்கம் கேட்டுக்கொள்கிறது.