பொறியியல் மாணவரும் ஆராய்ச்சிப் பயிற்சியும்

கல்வி இருவகைப்படும். முன்னோர் கண்டறிந்தவற்றைக் கற்றுத் தேர்தல் ஒன்று. எவரும் இன்னும் கண்டறியாததைத் தேடிச் செல்லல் மற்றொன்று. நம் கலைக்கூடங்கள் முதல்வகையைச் செவ்வனே ஊட்டுகின்றன. இரண்டாவதோ, பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்குச் செல்லும் சிலருக்கே உரியதென ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. பொறியியல் பயிலும் இளைஞரைப் பொறுத்தமட்டில் இவ்வொதுக்கீடு முறையன்று என்பதும், அதனை மாற்றுவதில் பழைய மாணவராகிய நமக்கும் பங்குண்டு என்பதுமே ஈண்டு யாம் கூற விழைவது.

வலப்பனை மக்களுக்கு இவ்விடயம் தொலைவானதன்று. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகளை மறந்தார் இலர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் மறைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழை மலைநாடெங்கும் மீண்டும் உயிர்களைக் கவர்ந்தது. மழைநீர் நிலத்துள் இறங்கும்போது மண்துகள்களின் இடையே நீரழுத்தம் மிகுகின்றது. துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குறைகின்றது. ஓர் எல்லை கடந்ததும் சரிவு நிகழ்கின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்து, மேலும் பெய்யுமாயின் விழிப்புடன் இருக்குமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்கு அறிவுறுத்துகின்றது. இது பொதுவான அளவு. ஆயின் ஒரு குன்றின் மண் மற்றொரு குன்றின் மண் ஆகாது. லயனுக்குப் பின்புறம் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், தூர்ந்துபோன வடிகான், தேயிலை பிடுங்கப்பட்டு வெறுமையான சரிவு ஆகிய ஒவ்வொன்றும் அவ்வெல்லையை மாற்றவல்லது. இவற்றை இடந்தோறும் அளந்தறிதல் வேண்டும். அளப்பதற்குக் கருவியும், கற்றோர் மேற்பார்வையும், பொறுமையுள்ள இளைஞரும் வேண்டும். முதலிரண்டும் நம் நாட்டில் உள்ளன. மூன்றாமவரையே நாம் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கின்றோம்.

இளைஞருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தால் விளைவது யாது என்பதற்குத் தமிழராகிய நமக்கு அண்மையிலேயே சான்றுண்டு. பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்தபோது, களிமண் எவ்வாறு நெகிழ்ந்து உருமாறுகின்றது என்பதை நுணுகி ஆராய்ந்தார். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் அறிஞர் இருவருடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, இன்று உலகெங்கும் மண்பொறியியலார் பயிலும் கோட்பாட்டுக்கு அடிக்கல்லாயிற்று. பின்னர் அவர் பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாயும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயும் விளங்கினார். அத்தகைய அறிவு நம்மிடையே பிறவாதது அன்று. அதற்கு வாய்ப்புக் கிட்டுவதே அரிது.

பிற நாட்டார் இவ்வாய்ப்பை ஓர் ஒழுங்காக்கியுள்ளனர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1969இல் மாகிரற் மக்விக்கார் என்னும் பெருமாட்டி, பட்டப்படிப்பு மாணவர் பேராசிரியருடன் சேர்ந்து ஆராயும் திட்டமொன்றைத் தொடக்கினார். 1987 முதல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனம், விடுமுறைக் காலத்தில் பிற பல்கலைக்கழகங்களுக்குச் சென்று ஆராயும் மாணவருக்குப் படிப்பணம் நல்கி வருகின்றது. இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது பணம் நல்கப்படுகின்றது என்பதே. ஊதியமின்றி உழைக்கச் செல்வர் வீட்டுப் பிள்ளையால் இயலும்; ஏழையின் பிள்ளையால் இயலாது.

நம் நாட்டிலோ பொறியியற் பட்டம் நான்காண்டுப் படிப்பு. இறுதியாண்டில் ஆய்வுச் செயற்றிட்டம் ஒன்று உண்டெனினும், அதற்குள் மாணவர் தம் வாழ்வின் திசையைப் பெரும்பாலும் தெரிந்து விடுகின்றனர். அதற்கு முன்னர் ஆய்வுக்கூடத்துள் நுழைபவர், ஆசிரியரை அணுகிக் கேட்கும் துணிவும், விடுமுறையிற் பல்கலைக்கழகத்தருகே தங்கும் வசதியும் உடையோரே. தோட்டத்திலிருந்து சென்ற மாணவியோ விடுமுறை தொடங்கியதும் பேருந்து ஏறுகின்றாள். தாய் கொழுந்து பறித்து ஈட்டும் கூலியிலே தம்பியரும் படிக்க வேண்டும். அவள் மாலை வகுப்பு நடத்திச் சேர்க்கும் சில ஆயிரம் ரூபாவே அடுத்த தவணையின் செலவு. அவளுக்கு அறிவுக் குறைவுமில்லை, ஆர்வக் குறைவுமில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் இந்நாடு ஓரளவு நீதி செய்துள்ளது. இடங்களுள் 40 வீதம் நாடளாவிய தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட மக்கட்டொகைக்கும், எஞ்சிய 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று. தலைவாயிலில் காட்டிய பரிவை உள்ளறையிற் காட்டாது விடுதல் முறையாகுமா?

பட்டம் பெறாதவர் ஆராய்ச்சிக்குத் தகுதியற்றவர் என்பார் உளர். மழையளவைக் குறித்தலும், நிலவெடிப்பின் அகலத்தை வாரந்தோறும் அளத்தலும், மண்மாதிரி எடுத்துச் சோதித்தலும் இரண்டாமாண்டு மாணவர்க்கு எட்டாதவை அல்ல. அளந்த எண் எதிர்பார்த்த எண்ணோடு முரணும் நாளிலேதான் ஒருவன் பொறியியலாளன் ஆகத் தொடங்குகின்றான். விஞ்ஞான ஆசிரியரே போதாத மலையகப் பாடசாலைகளுக்கன்றோ முதலிற் பணம் வேண்டும் என்பார் வேறு சிலர். இவ்வாதம் வலியது, யாம் அதனைத் தள்ளவில்லை. ஆயினும் தம் குன்றைத் தாமே அளந்த அக்காள் ஒருத்தி நம் கல்லூரி விஞ்ஞான கூடத்தில் வந்து நின்று பேசுவாளாயின், அதைக் கேட்கும் சிறுமியருக்கு அது பாடமும் ஆகும், நம்பிக்கையும் ஆகும்.

ஆதலின் இவ்விழாவின் நினைவாகப் பழைய மாணவர் சங்கம் ஒரு சிறு நிதியம் நிறுவுதல் வேண்டும். நம் கல்லூரியிலிருந்து பொறியியற் பீடம் புகுந்த மாணவர் இருவருக்கேனும், ஆண்டுதோறும் விடுமுறையிற் பத்து வாரத்துக்கு உணவு, உறையுள், போக்குவரத்துச் செலவும், வீட்டுக்கு அனுப்ப ஒரு தொகையும் அது வழங்குக. அழைப்பு வெளிப்படையாக விடுக்கப்படுக. யாருக்கு யாரைத் தெரியும் என்பது அங்கே எடுபடாதிருக்க. புள்ளியை மட்டும் நோக்காது, விண்ணப்பிப்போர் எழுப்பும் வினாவையும் நோக்கித் தெரிவு செய்க. பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி முதலிய இடங்களிற் பணியாற்றும் ஆசிரியருள் மேற்பார்வை செய்ய இசைவோரை நம் அன்பர்கள் அணுகிக் கேட்க. ஆய்வின் முடிவைத் தோட்ட மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுத்தல் ஒன்றே மாணவர்க்கு விதிக்கும் கடனாகுக.

விழாக்களிற் கட்டடம் எழுப்புதல் நம் மரபு; அது நன்று. ஆயின் மழை ஓயாத ஓரிரவில், மேலே உள்ள மலை நிற்குமா சரியுமா என்று லயனில் விழித்திருக்கும் தாய்க்கு, அம்மலையை அளந்தறிந்த பிள்ளை ஒருவரையேனும் நாம் ஆக்கித் தந்தோமாயின், அதனினும் பெரிய கட்டடம் யாதுளது? செல்வம் மிக்கோர் மிகுதியும், இல்லோர் இயன்றதும் ஈந்து இதனைத் தொடக்குவோமாக.