கேட்டால்தான் கிடைக்கும்

அமிர்தி உயிரியல் பூங்காவில், மயில் கூண்டுக்கு முன்னால் என் சித்தி மகளின் பையன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். மயில் அகவியதற்காக அல்ல. பின்னால் யாரோ செல்போனில் பாட்டை அலறவிட்டிருந்தார்கள். "தம்பிக்குக் காது வலியா?" என்றார் டீக்கடை அம்மா. "ஆமாங்க" என்று தங்கை சட்டென்று சொல்லிவிட்டாள். வேலூரில் இறங்கியதிலிருந்து ஆட்டிசம் என்ற சொல்லை அவள் வாயில் எடுக்கவே இல்லை.

நியூ ஜெர்சியில் பிறந்தவன். 18 வயது, ஆவணியில் கல்லூரி. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்கு 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. 1990-ல் ஆட்டிசத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். பிள்ளைக்கு என்ன தேவை என்று பள்ளியே கண்டறிந்து, வருஷா வருஷம் பெற்றோரை உட்காரவைத்துத் திட்டம் போட வேண்டும். பள்ளி முடிந்ததோடு அதுவும் முடிந்தது. கல்லூரியில் தேர்வுக்குக் கூடுதல் நேரமோ சத்தமில்லாத அறையோ வேண்டுமென்றால், அவனே போய், தனக்கு ஆட்டிசம் என்று சொல்லி, சான்றைக் காட்டிக் கேட்க வேண்டும். அவன் சம்மதித்து எழுதிக் கொடுக்காவிட்டால், அவன் கல்விப் பதிவில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்ற தாயிடம்கூடப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

வாய்விட்டுக் கேட்பதுதான் அவனுக்கு மலை. இத்தனை வருஷமும் அவன் வாயாகத் தங்கையே இருந்தாள். அவனுக்கு மூன்று வயதானபோது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று யாரோ சொல்ல, தமிழை நிறுத்தினாள். இரண்டு மொழி பேசுவதால் இந்தக் குழந்தைகளின் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. போன தமிழை யார் திருப்பித் தருவது? பாட்டியும் பேரனும் இட்லித் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சைகையில் பேசுகிறார்கள்.

நம் ஊர் மட்டும் என்ன? 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமே கிடையாது. 2016 சட்டம் வந்த பிறகுதான் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களில் இவர்களுக்கும் வழி பிறந்தது. அதற்கும் சான்று வேண்டும். அப்பா அம்மா பிழைப்புக்கு வெளியூர் போய், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டிருக்கும் ஜவ்வாது மலை வீட்டில், அதற்காக பஸ் ஏறப்போவது யார்?

திரும்பும்போது காரிலும் பாட்டு. தங்கை வாயெடுத்தாள்; நான் அவள் கையை அழுத்தினேன். கணியம்பாடி தாண்டியது. அடுக்கம்பாறையில் அவன் முன்னால் சாய்ந்து, "பாட்டு... நோ" என்றான்.

டிரைவர் வேறு பாட்டு வைத்தார். தங்கை மறுபடி வாய் திறந்தாள். நான் கையை எடுக்கவில்லை.