யாருடைய அனுகூலம்?

முதலாங் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்றொரு பட்டம் உண்டு. தமிழ் கற்றோர் அனைவரும் இதனை அறிவர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே பொதிகளுக்குப் புலிப்பொறி இட்டுச் சுங்கங் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைப்பதையும், அங்கு குவிந்து கிடந்த பண்டங்களுள் ஈழத்து உணவும் ஒன்று என அது கூறுவதையும் அறிவர். ஆனால் சுங்கம் கொண்டபொழுது அதன் சுமையைத் தாங்கியவன் யார், சுங்கம் தவிர்த்தபொழுது அதனால் கொழுத்தவன் யார் என்ற வினாவை எமது வகுப்பறைகள் எழுப்புவதில்லை. பட்டம் மன்னனுக்கு, பயன் எவனுக்கு?

இவ்வினாவைப் பழைய இலக்கியத்தோடு விட்டுவிட முடியாது. இன்று எமது உயர்தர வகுப்பு மாணவர் ‘ஒப்பீட்டு அனுகூலம்’ என்னும் கோட்பாட்டை இயற்கை நியதியொன்றைப் போல மனனஞ் செய்கின்றனர். அக்கோட்பாட்டையே மேடைதோறும் முழங்குவோர், தேயிலையும் ஆடையும் எமக்கு வாய்த்தவை, வெங்காயமும் மிளகாயும் மலிவாக விளையும் நாட்டிலிருந்து வந்து சேரட்டும் என்கின்றனர். தமிழ் கற்பிப்போருக்குப் பொருளியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விலை ஏறினால் தமிழாசிரியன் வீட்டு உலையுந்தான் கொதிக்க மறுக்கின்றது.

கோட்பாட்டை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். 1817ஆம் ஆண்டில் டேவிட் ரிக்காடோ தமது நூலிலே ஓர் உதாரணம் காட்டினார். குறித்த அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேரின் உழைப்பு வேண்டும். குறித்த அளவு திராட்சை மதுவை ஆக்க 120 பேர் வேண்டும். போர்த்துக்கலிலோ துணிக்கு 90 பேரும் மதுவுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்த்துக்கலே வல்லது. எனினும் அந்நாடு மதுவை மட்டும் ஆக்கித் துணியை இங்கிலாந்திலிருந்து பெறுவதே இரு நாட்டுக்கும் இலாபம் என்றார் அவர். கணக்கைப் பாருங்கள். தனித்தனியே இரண்டையும் செய்தால் இரு நாட்டிலும் மொத்தம் 390 பேர் உழைக்க வேண்டும். பங்கிட்டுச் செய்தால் 360 பேர் போதும். முப்பது பேரின் உழைப்பு மிச்சம். இக்கணக்கில் பிழையில்லை. இதனை மறுக்க முற்பட்ட எம்மவர் சிலர் வீணே தம்மை நகைப்புக்கு இடமாக்கிக் கொண்டனர்.

பிழை கணக்கிலன்று, கணக்குக்கு முன்னே நிற்பதில் உள்ளது. போர்த்துக்கலுக்கு மதுவும் இங்கிலாந்துக்குத் துணியும் ஆண்டவன் அளந்து கொடுத்தவையா? 1703ஆம் ஆண்டின் மெதுவன் உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பளித் துணி போர்த்துக்கலினுள் நுழைந்தது. போர்த்துக்கேய மது பிரெஞ்சு மதுவிலும் மூன்றிலொரு பங்கு குறைந்த தீர்வையுடன் இங்கிலாந்தை அடைந்தது. மதுவிலும் துணி மிகுதியாயிற்று. அக்குறையை நிரப்பியது பிரேசில் நாட்டுச் சுரங்கங்களிலே அடிமைகள் தோண்டிய பொன். ரிக்காடோவின் உதாரணத்திலே அந்த அடிமைகளுக்கு இடமில்லை.

இன்னுமொன்று. மூலதனம் தன் நாட்டை விட்டுப் பெயராது என்பதை ரிக்காடோ தமது கணக்குக்கு அடித்தளமாகக் கொண்டார்; அதனை அவரே வெளிப்படையாகக் கூறினார். இலங்கைக்கு வருவோம். மலைநாட்டுத் தோட்டங்களின் மூலதனம் இலண்டனிலிருந்து வந்தது. உழைப்பாளர் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தனர். விளைந்தது இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் விலைபோயிற்று. எமக்கு எஞ்சியது சரிவும் மழையுமே. இதனைப் போர்த்துக்கல்லின் மதுவோடு ஒப்பிட்டு மாணவருக்குப் போதிப்பது எவ்வகைக் கல்வி?

தடையற்ற வர்த்தகத்தை உலகுக்குப் போதித்தவர்களின் சொந்த வரலாறு வேறு. இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணிகள் இங்கிலாந்திலே பெருவரவேற்புப் பெற்றபொழுது, அந்நாட்டுப் பாராளுமன்றம் 1700இலும் 1721இலும் சட்டமியற்றி அவற்றைத் தடுத்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளனுக்கு அன்று ஒப்பீட்டு அனுகூலம் மட்டுமன்று, முழு அனுகூலமுமே இருந்தது. அதனாற் பயன் என்ன? லங்காஷயர் இயந்திரங்கள் வலுப்பெற்ற பின்னரே வாயில்கள் திறக்கப்பட்டன. திறக்கப்பட்டவை இந்தியாவின் வாயில்கள். 1896இலே இந்தியாவில் இறக்குமதித் துணிக்கு 3.5 வீதத் தீர்வை விதித்த ஆட்சியாளர், இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 வீத உள்நாட்டு வரியைச் சுமத்தினர். தன் நாட்டுத் துணியைத் தன் நாட்டிலேயே விற்பதற்குத் தண்டம்! ஐக்கிய அமெரிக்காவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் உயர்ந்த தீர்வை மதிலின் பின்னே நின்றே தன் ஆலைகளை வளர்த்தது.

தேயிலைக்கு மீள்வோம். எமது ‘இயற்கை அனுகூலம்’ எவ்வாறு செய்யப்பட்டது என்பதை ஆண்டு ஆண்டாகக் காட்டமுடியும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. கண்டிக் குடியானவனின் சேனையும் மேய்ச்சல் நிலமும் ஏக்கர் ஐந்து சிலிங் என்று கோப்பித் துரைமாருக்கு விலைப்பட்டன. 1869இலே இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த தொழிலாளர், வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரைக் கங்காணியின் கடனும் ‘துண்டு’ முறையும் லயத்தோடு பிணைத்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவன் கூலி உயர்வு கேட்டால் எந்தப் பாராளுமன்றம் செவிசாய்க்கும்? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. உடைமை கைமாறிற்று, கூலிக் கணக்கு மாறவில்லை. நாட்கூலி 1000 ரூபா என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 2021இலேயே சம்பளச் சபையின் வழியாக நிறைவேறிற்று. மலிவான தேயிலை எமது நாட்டின் அனுகூலம் என்பார் உண்மையில் கூறுவது, மலிவான மனிதர் எமது நாட்டில் உளர் என்பதையே.

மலிவாக விற்பவன் மேலும் மலிவாகவே விற்க நேரும் என்பதையும் பொருளியலறிஞரே எடுத்துக் காட்டினர். ஆர்ஜென்ரீனரான ராவுல் பிரெபிஷ், ஜேர்மனியிற் பிறந்த ஹான்ஸ் சிங்கர் ஆகிய இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வுகளின் சாரம் இதுவே: மூலப்பொருள் விற்கும் நாடு, அதே இயந்திரத்தை வாங்கக் காலஞ்செல்லச் செல்லக் கூடுதலான பொதிகளைக் கொடுக்க வேண்டியதாகின்றது. இவர்களது முடிவை மறுத்தோரும் உளர். ஆயின் இலங்கைக்கு 1952இலே இது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. கொரிய யுத்தத்தில் ஏறிய றப்பர் விலை விழுந்தது. அரிசி விலை உயர்ந்தது. சீனாவுக்குப் போர்ப்பயனுள்ள பண்டங்களை விற்கலாகாது என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே மாதத்திலேயே பரிந்துரைத்திருந்தது. இலங்கை அன்று அச்சபையின் உறுப்புநாடன்று. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று, ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி என ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தார். சந்தை விலையிலும் கூடுதலான விலையைச் சீனா றப்பருக்குத் தந்தது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஒப்பந்தத்தைச் செய்தது இடதுசாரி அரசன்று, ஐக்கிய தேசியக் கட்சி அரசு என்பது கவனிக்கத்தக்கது. அரிசியின் முன் சித்தாந்தம் அடங்கிற்று. வாங்குவோரும் விற்போரும் மனமொப்பிச் செய்த அந்த வர்த்தகத்தைத் தடுக்க முனைந்தோர், தடையற்ற வர்த்தகத்தின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர்களே!

இவ்வளவும் கூறியபின் எமது முகாமில் உள்ளோரையும் நோக்கிச் சில கூறவேண்டும். வாயிலை அடைப்பதே சோஷலிசம் என நம்பும் தோழர் பலர் உளர். 1970க்கும் 1977க்கும் இடையே செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மண் பொன்னாயிற்று. துலா மிதித்த கிணறுகளில் இறைப்பு இயந்திரங்கள் முழங்கின, கல்வீடுகள் எழுந்தன. இதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தடையொன்று உழவனை நிமிர்த்த முடியும் என்பதற்கு அக்காலமே சான்று. ஆனால் அதே காலத்தில் பாணுக்கும் துணிக்கும் மக்கள் விடியுமுன்னே வரிசையில் நின்றனர். 1974ஆம் ஆண்டளவில் மலைநாட்டு லயங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மிளகாய்க்குக் கிடைத்த உயர்ந்த விலையின் ஒரு பகுதியைக் கொடுத்தவள் கொழுந்து பறித்த பெண்தான். செம்மண்ணில் விளைந்த இலாபமும் அம்மண்ணிற் கொத்தியவன் கைக்குச் சமமாக வந்ததா? காணி சொந்தமாயிருந்தவன் எழுந்தான். காணியற்ற, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கூலியாள் பெரும்பாலும் கூலியாளாகவே நின்றான். பின்னர் 1977இல் வாயில் ஒரே வீச்சில் திறக்கப்பட்டது. இறக்குமதி வெங்காயம் குவிந்தது. உழவனுக்கு ஒரு போகத்து அவகாசமும் அளிக்கப்படவில்லை.

ஆகவே அடைப்பதா திறப்பதா என்ற பட்டிமன்றம் எமக்கு வேண்டாம். வாயிற்றிறவுகோல் எவன் மடியில் இருக்கின்றது என்பதே கேள்வி. 2020 ஒக்ரோபர் மாதத்தில் சீனியின் இறக்குமதி அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஓர் இரவிற் குறைக்கப்பட்டது. தீர்வையைக் குறைத்தால் விலை குறையும் என்பது பாடநூல். கடையில் விலை அவ்வாறு குறையவில்லை. அரசு இழந்த வருமானம் ஏறத்தாழ 1,600 கோடி ரூபா எனக் கணக்காய்வு அறிக்கை கூறிற்று. சரக்கு வைத்திருந்தோர் களஞ்சியங்களுக்கு அது சென்றது. மறு ஆண்டிலே, வாயிலை அடைத்த கதை: இரசாயனப் பசளையின் இறக்குமதி 2021 மே மாதத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. ஆறு மாதந்தான், நெல் விளைச்சல் வீழ்ந்தது, அரிசியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாகச் சுருங்கிற்று. முன்னதும் தேசத்தின் பெயரால் நிகழ்ந்தது. பின்னதும் தேசத்தின் பெயரால் நிகழ்ந்தது.

ஆடைத்தொழில் எமது இன்னோர் அனுகூலம் என்பர். அதுவுங்கூடத் தடையின் பிள்ளையே. 1974 முதல் 2004 வரை செல்வநாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுதோறும் பங்கு வகுத்திருந்தன. தம் பங்கு தீர்ந்த கிழக்காசிய முதலாளிகள், பங்கு மிகுந்திருந்த நாடுகளைத் தேடி வந்தனர். 1978இல் கட்டுநாயக்கா வலயம் திறந்தது. கிராமத்து இளம்பெண்கள் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர். 2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தது. இருநாட்டு வர்த்தகக் குறைநிலையை இறக்குமதியால் வகுத்து, வந்ததிற் பாதியை எடுத்த கணக்கு அது. ரிக்காடோவின் நூலில் இப்படியொரு கணக்கு இல்லை. ஆகஸ்டில் அது 20 வீதமாயிற்று. அவ்விடைப்பட்ட மாதங்களிலே தம் வேலை நிலைக்குமா என அறியாது கட்டுநாயக்கா விடுதிகளில் உறங்கியவர்களிடம் ஒப்பீட்டு அனுகூலம் யாதென்று எவரும் வினவவில்லை.

மாணவருக்கு ரிக்காடோவைக் கற்பிக்க வேண்டாம் என நாம் கூறவில்லை. முழுமையாகக் கற்பிக்க வேண்டும். 80, 90, 100, 120 என்னும் நான்கு எண்களோடு, லயத்து நாட்கூலி எத்தனை ரூபா என்னும் ஐந்தாவது எண்ணும் கரும்பலகையில் எழுதப்படட்டும். இறக்குமதித் தீர்வை நள்ளிரவு வர்த்தமானியால் மாற்றப்படுவது நிறுத்தப்படட்டும். நாற்று நடுமுன்னரே, அறுவடைக் காலத்தில் வெங்காயத் தீர்வை எவ்வளவாக இருக்கும் என்பது உழவர் சங்கங்களுக்கு எழுத்தில் அறிவிக்கப்படட்டும். அது தீர்மானிக்கப்படும் மேசையிலே இறக்குமதியாளர் அமர்வது போலச் செம்மண் தோட்டக்காரரும், அத்தோட்டத்தின் கூலியாளரும், வெங்காயத்தை வாங்கிச் சமைக்கும் தோட்டத் தொழிலாளரின் சங்கமும் அமரட்டும்.