கப்பைக் கவிழ்த்துப் பாருங்கோ

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. இடித்துத் தொடர்மாடி கட்டப்போகிறார்கள். செய்தி பரவின கையோடு பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்துவிட்டார். கண்ணாடி அலுமாரியைத் திறந்தார், கப் ஒன்றை எடுத்தார், கவிழ்த்து அடியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இது அவ்வளவு பழசில்லை அம்மா. செட்டும் இல்லை, விளிம்பும் உடைஞ்சிருக்கு." அஞ்சு கப்புக்கும் சேர்த்து அவர் சொன்ன காசுக்கு ஒரு கொத்துரொட்டிதான் வாங்கலாம். அம்மம்மா குடுக்கேல்லை.

பிறகு ஒருநாள் நாங்கள் ஒரு அன்டீக் கடைக்குள் சும்மா நுழைந்தோம். அதே பூ, அதே பொன் விளிம்பு. 'விக்டோரியா காலம், 1850' என்று அட்டை தொங்கியது. கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் 'மேட் இன் இங்கிலண்ட்'.

வாங்கேக்க புதுசு, விக்கேக்க பழசு. இந்த வியாபாரம் நடப்பது கப்பின் அடியை எங்களுக்கு வாசிக்கத் தெரியாததால்தான். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெளியிலிருந்து வரும் சாமானில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. 1891இலிருந்து ஆங்கிலப் பீங்கான்களில் 'இங்கிலண்ட்' என்ற சொல் வழமையானது. 'மேட் இன் இங்கிலண்ட்' என்றால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. 'போன் சைனா' என்று எழுத்திலேயே போட்டிருந்தாலும் அப்படித்தான். வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதியப்பட்டது. அதற்குப் பதிலாக 'ஆர்டி' என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் 1884 அல்லது அதற்குப் பிறகு. அதுவும் வடிவம் பதிந்த காலம்தான். கப் அதற்குப் பல வருசம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

பலபேர் ஏமாறுகிற இடம் இன்னொன்று. அடியில் '1759' என்று கண்டால் துள்ளாதேங்கோ. அது வெட்ஜ்வூட் கொம்பனி தொடங்கிய வருசம், உங்கள் கப் பிறந்த வருசமில்லை. போன் டோர்ச்சைப் பின்னால் பிடித்து, விரலின் நிழல் தெரிகிறதா என்றும் பாருங்கோ. தெரிந்தால் போர்சலின் அல்லது எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா. தெரியாவிட்டால் அநேகமாக வெறும் மண்பாண்டம்தான், மேலே எவ்வளவு நீலப் படம் இருந்தாலும்.

வியாபாரியை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் ஏலாது. எங்கட வீடுகளிலும் இந்தப் பொய் உண்டு. "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று பெருமையடிக்கிற கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை அலுமாரிகளில் நாங்கள் அடிக்கடி காண்பது ரோயல் அல்பேர்ட்டின் சிவப்பு, மஞ்சள் ரோசாப்பூக் கப்தான். அந்த வடிவம் வந்ததே 1962இல். வெள்ளைக்காரன் போய்ப் பதினாலு வருசம்! 1970இலிருந்து 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்தது. ஆகவே அதில் கொஞ்சமாவது லண்டன் மாமாவின் சூட்கேசில் வந்ததாய்த்தான் இருக்கும். மாமா கொண்டுவந்தது என்று சொல்ல ஏன் வெட்கம்? மாமா ஏன் லண்டன் போனார் என்பதும் சரித்திரம்தானே.

சொல்லாமல் விடுகிற இன்னொரு கதையும் இருக்கிறது. அந்தக் கப்பில் ஊற்றிய தேயிலையைப் பறித்த மலையகத் தமிழர் எதில் குடித்தார்கள்? யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். உள்ளே வந்து சமமாக இருந்து குடிக்க 1960களில் போராட வேண்டியிருந்தது. எங்கட குடும்பங்களில் சில அந்தக் கடைகளில் உள்ளே இருந்து குடித்தவை. அலுமாரியைக் காட்டி 'பாரம்பரியம்' என்று பதிவு போடுகிற நண்பர்களே, அந்தக் கப்பில் யாருக்குத் தேத்தண்ணி குடுக்கவில்லை என்றும் வீட்டில் ஒருக்கால் கேளுங்கோ. நாங்கள் கேட்டோம். சில வீடுகளில் அதோடு கதை நின்றுபோனது.

அம்மம்மாவின் அஞ்சு கப்புக்கு வருவோம். அது பன்னிரண்டு கொண்ட செட். நல்ல கப்புகள் முன் அறைக் கண்ணாடி அலுமாரியில் இருந்தன. விளிம்பு உடைந்தவை குசினியில், அன்றாடப் பாவனைக்கு. 1983 ஜூலையில் வீட்டுக்குள் வந்தவர்கள் முன் அறையை நொறுக்கினார்கள். அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது குசினியில் இருந்த அஞ்சும் அப்படியே இருந்தன. விளிம்பு உடைந்ததால் தப்பின கப்புகளுக்குத்தான், விளிம்பு உடைந்ததென்று விலை குறைத்தார் வந்தவர்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் 83க்கு முத்திரை கிடையாது. ஆனால் எங்கட கணக்கை நாங்கள்தானே எழுதவேண்டும்? கப்பின் அடி சொல்லும் வருசம் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்த வருசமும் வழியும் மறுபக்கம் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். வெள்ளவத்தையில் ஏழு வீடு முடிந்தது. கொட்டாஞ்சேனையில் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். கெதியாய்ச் செய்யவேணும், வீடுகள் இடிபடுகிற வேகம் அப்படி.

கொப்பி கொண்டுபோன அண்டைக்கு அம்மம்மா அந்தக் கப்புகளிலேயே எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தா. நாங்கள் ஆறு பேர், கப் அஞ்சு. ஒருத்தன் எவர்சில்வர் பேணியில் குடித்தான்.