முதியோர் இல்லங்களில் கேட்க ஓர் ஆள் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

முதியோர் இல்லங்களில் தங்கியிருப்பவர்களுக்காகப் பேச, பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்களை அரசே நியமித்து, உள்ளே போய்வரும் உரிமையையும் அவர்களுக்குத் தர வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் சந்தவாசலில் இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். ஆரணிப் பட்டு நெய்யும் இந்த வட்டாரத்தில் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கண் மங்கியவர்களும் தார் சுற்றிக்கொண்டு வீட்டோடு இருந்தார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனபின் அந்த ஏற்பாடு தளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் சுமார் 10 சதவீதம். 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். இல்லங்களின் தேவை கூடத்தான் செய்யும். ஆகவே இல்லங்கள் வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த காப்பகம் ஒன்றிலிருந்து 140 பேர் அளவில் மீட்கப்பட்டார்கள். விஷயம் எப்படி வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைத் தேடிப் போனவர்களுக்கு அவர் அங்கே இல்லை என்று தெரிந்தது. ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பிறகே அதிகாரிகள் உள்ளே முழுமையாகப் பார்த்தார்கள். தேடிவர ஆள் இருந்த ஒருவரால்தான் தேடிவர யாருமற்ற மற்றவர்களின் நிலை தெரிந்தது. இதைத் தற்செயலுக்கு விட்டுவைக்கக் கூடாது என்கிறோம். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போட நம் ஊரில் நல்ல மனசுக்காரர்கள் நிறையவே வருகிறார்கள். ஆனால் பந்தி முடிந்ததும் போய்விடுகிறார்கள். உதவித்தொகைப் பணம் உங்கள் கைக்கு வருகிறதா, ஆதாரும் வங்கிப் புத்தகமும் யாரிடம் இருக்கின்றன, இரவில் கூப்பிட்டால் ஆள் வருகிறார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர் இல்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) பாதி வழியைத் திறந்திருக்கிறது. தானே மனுக் கொடுக்க இயலாத முதியவருக்காக, அவர் அனுமதித்த ஒருவரோ பதிவு பெற்ற அமைப்போ ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். ஆனால் அந்த அனுமதியைக் கேட்கவே இல்லத்தின் வாசலைத் தாண்ட வேண்டுமே! சிறைகளுக்குக்கூட அலுவல்சாராப் பார்வையாளர்கள் போகிறார்கள். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் குறை கேட்பதற்கென 1972-ல் சோதனையாகத் தொடங்கிய முறை, 1978-ல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. இன்று அங்கே தன்னார்வலர்கள் பராமரிப்பு இல்லங்களுக்குப் போய், தங்கியிருப்போரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க முயல்கிறார்கள்.

சமூகநலத் துறை ஆய்வு செய்யும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஆய்வு அதிகாரி பார்ப்பது கட்டடத்தையும் பதிவேட்டையும். நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பாட்டி வாய் திறப்பார்? மாதாமாதம் வந்து பழகிய முகத்திடம்தான் குறை வெளிவரும். சேவையாக இல்லம் நடத்துவோரைச் சந்தேகிப்பதாகாதா என்பது இன்னொரு கேள்வி. நேர்மையாக நடத்துபவருக்கு இந்தப் பார்வையாளரே சாட்சி. மருந்துக்கும் ஆளுக்கும் பணம் போதவில்லை என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லவும் அவரால் முடியும். எங்களுக்கே கனமாகப் படும் மறுப்பு வேறு: பார்வையாளர் அட்டையைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் வந்தால்? அதனால்தான் காவல்துறைச் சரிபார்ப்பு, இருவராகவே செல்வது, இல்லத்திடம் காசோ பொருளோ வாங்கத் தடை, முதியவர் சம்மதமின்றி அவர் சொன்னதை வெளியிடாமை ஆகியவற்றை விதியாகவே எழுதக் கேட்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கடைசி விதிக்கு விலக்கு உண்டு.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் இதை முன்னோட்டமாக நம் மாவட்டத்தில் தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் கணக்குப் பார்த்தவர்களும் இந்தப் பணிக்குப் பொருத்தமானவர்கள். அவர்களைத் திரட்டித் தரும் பொறுப்பை எங்கள் அமைப்பு ஏற்கும்.