பெட்டியைப் பொருத்தும் முன் அளந்து பாருங்கள்



உங்களில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் கார் ஓட்டும் உரிமம் எடுத்துவிடுவீர்கள். சிலர் வீட்டில் அண்ணனின் மைவிக்குப் புது ரிம், புது எக்சோஸ் எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும். அதற்கு அடுத்து வாங்க நினைப்பது எரிபொருள் கட்டுப்படுத்தி என்னும் கையளவுப் பெட்டி. நாலைந்து கம்பிகளை இணைத்தால் போதும், கார் நன்றாக இழுக்கும், எண்ணெயும் மிச்சமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். “சார், அது உண்மையா?” என்று வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தில் எந்த மாற்றமும் செய்யாத சாதாரணக் காருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. மாற்றம் செய்த காருக்குத் தேவைப்படலாம். அப்போதும் அளவுக் கருவி இல்லாமல் பொருத்தக்கூடாது. காரணம், நீங்கள் படிக்கும் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

14.7 என்னும் எண்

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆக்டேன் எரியும் சமன்பாட்டில் 2 மோல் ஆக்டேனுக்கு 25 மோல் ஆக்சிஜன் தேவை. நிறையாக மாற்றினால் 228 கிராமுக்கு 800 கிராம். காற்றின் நிறையில் சுமார் 23 விழுக்காடுதான் ஆக்சிஜன் என்பதால், காற்றின் அளவு எரிபொருளைப்போல் ஏறக்குறைய 15 மடங்காகிறது. பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஆகவே அதன் எண் சற்றுக் குறைந்து 14.7 ஆகிறது.

இந்த விகிதத்தைக் காத்து வருவது காரின் கணினி. உள்ளிழுக்கும் குழாயில் இருக்கும் உணரி, எவ்வளவு காற்று வருகிறது என்பதை மின்னழுத்தமாகச் சொல்கிறது. கணினி அதைப் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் இயந்திரத்தில் நான்கு வீச்சுகளும் முடிய 40 மில்லிவினாடிதான் ஆகும். அதற்குள் கணக்கும் முடிந்து எரிபொருளும் உள்ளே போயிருக்க வேண்டும்.

கணக்கு சரியா என்று பார்க்க, புகை வெளியேறும் குழாயில் ஓர் ஆக்சிஜன் உணரி இருக்கிறது. போஷ் நிறுவனம் 1976இல் தயாரிக்கத் தொடங்கிய கருவி இது. எரிபொருள் மிகுந்தால் அது சுமார் 0.9 வோல்ட் காட்டும். காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட். அதைப் பார்த்துக் கணினி தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு பொய், இரண்டு விளைவு

விற்கப்படும் பெட்டிகளில் ஒரு பெரிய வகை, காற்று உணரிக்கும் கணினிக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. உணரி 2 வோல்ட் என்று சொன்னால், இது 1.9 என்று மாற்றிச் சொல்லும். காற்று குறைவு என்று நம்பும் கணினி எரிபொருளையும் குறைக்கிறது. நேரடியாகச் சொன்னால், கணினியிடம் பொய் சொல்வதுதான் இந்தப் பெட்டியின் வேலை.

சீரான வேகத்தில் போகும்போது அந்தப் பொய் நிலைப்பதில்லை. ஆக்சிஜன் உணரி குறையைக் காட்டிக்கொடுக்கும். கணினி சில வினாடிகளில் எரிபொருளைக் கூட்டிவிடும். எண்ணெய் மிச்சமாகும் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

மிதியை முழுதாக அழுத்தும்போது நிலைமை வேறு. பல கார்களில் அந்நேரம் கணினி ஆக்சிஜன் உணரியைக் கேட்பதில்லை. விசைக்காகவும் வெப்பத்தைக் குறைக்கவும் 12 அல்லது 13 என்ற விகிதத்தில் எரிபொருளை வேண்டுமென்றே கூட்டிக் கொடுக்கும். பெட்டியின் பொய் பலிப்பது அங்கேதான். தொழிற்சாலை அமைப்பில் எரிபொருள் சற்று மிகுந்திருக்கும் கார்களில், அதைக் கொஞ்சம் குறைத்தால் விசை கூடவும் கூடும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதுவரை குறைக்கலாம் என்பது அளக்காமல் தெரியாது.

விற்பவர்கள் அதிகம் பேசாத இரண்டாவது விளைவும் உண்டு. அதே காற்று அளவைக் கொண்டுதான் கணினி தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. காற்று குறைவு, அதாவது சுமை குறைவு என்று நம்பினால், தீப்பொறியை முன்கூட்டியே விடும். எரிபொருளும் குறைந்து தீப்பொறியும் முந்தினால், கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கிறது. நாக்கிங் என்று பட்டறையில் சொல்வார்களே, அது இதுதான். தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும். நாக் உணரி உள்ள கார் தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தப்பிக்கப் பார்க்கும். அப்போது விசை குறைகிறது. காசு கொடுத்து வாங்கிய இழுப்பு அங்கேயே போய்விட்டது.

மறுபக்கம், எரிபொருளைக் கூட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அது சூடேறிப் பழுதாகும். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுத்தம் செய்யும் கருவி அது. விகிதம் 14.7ஐ ஒட்டி இருந்தால்தான் அதனால் மூன்றையும் கவனிக்க முடியும். அது கெட்டால், அந்தப் புகை பள்ளி வாசலில் நிற்கும் தம்பி தங்கைகளின் மூச்சில்தான் கலக்கிறது. கார் அண்ணனுடையதாக இருக்கலாம், காற்று எல்லாருக்கும் பொது.

யாருக்குத் தேவை?

டர்போ பொருத்தியவர்களுக்கும் பெரிய இன்ஜெக்டர் மாற்றியவர்களுக்கும் தொழிற்சாலையில் எழுதிய கணக்கு பொருந்தாது. 20 விழுக்காடு பெரிய இன்ஜெக்டர், அதே நேரம் திறந்தால் 20 விழுக்காடு கூடுதல் எரிபொருளை விடும். அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். தொழில் தெரிந்த டியூனர் முதலில் புகைக் குழாயில், விகிதத்தை எண்ணாகவே காட்டும் அகலப்பட்டை ஆக்சிஜன் உணரியைப் பொருத்துவார். காரை டைனோ உருளைமேல் ஏற்றி, ஒவ்வொரு சுற்று வேகத்திலும் எண்ணைப் பார்த்துப் பார்த்து மாற்றுவார். தீப்பொறி நேரத்தையும் தனியாகக் கவனிப்பார். அது மதிக்கத்தக்க வேலை. என் எதிர்ப்பு, திருகைக் காதால் கேட்டுத் திருப்பும் வேலைக்குத்தான்.

அளவீடும் உணர்வும்

“போட்ட பிறகு நல்ல வித்தியாசம் தெரிகிறது” என்பார்கள். பணம் போட்டவருக்கு வித்தியாசம் தெரியத்தான் செய்யும். எண்ணெய் மிச்சமாகிறதா என்று கவனிக்கத் தொடங்கினாலே மிதியை மெதுவாக அழுத்துவார். பெட்டி சும்மா இருந்தாலும் செலவு குறையும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கே தற்சார்பு மாறி பெட்டி. சார்பு மாறி 100 கிலோமீட்டருக்கு ஆகும் எண்ணெய். பாதை, நேரம், டயர் காற்று, ஏர்கோன், ஓட்டுநர் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். பெட்டியோடு மூன்று முறை, இல்லாமல் மூன்று முறை ஒரே பம்பில் நிரப்பிக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி இயங்குகிறதா இல்லையா என்று ஓட்டுபவருக்குச் சொல்லாமல் விட்டால் இன்னும் நல்லது. அதன்பின் கிடைக்கும் எண்ணை நான் ஏற்றுக்கொள்கிறேன், அது என் கருத்துக்கு எதிராக இருந்தாலும்.

அண்ணன் பட்டறைக்குக் கிளம்பினால் நீங்களும் உடன் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த உணரியின் சமிக்ஞையை மாற்றுகிறது? தீப்பொறி நேரம் என்ன ஆகும்? பொருத்துவதற்கு முன்னும் பின்னும் காற்று, எரிபொருள் விகிதத்தை அளந்து காட்டுவீர்களா? மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாக யோசிக்கலாம். வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், டயர் அழுத்தம் மூன்றையும் பார்த்துக் கொடுக்கச் சொல்லி வீடு திரும்புங்கள்.