அடியில் எழுதிய பெயர்

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிசு நகரில் பீங்கான் பூச்சாடி ஒன்று 1 கோடியே 62 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அதன் உயரம் 30 செண்டிமீட்டர்தான். பிரான்சு நாட்டு வீடொன்றின் பரணில், காலணி வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் அது கிடந்தது. உடையவர் அப்பெட்டியைத் தொடர்வண்டியிலும் சுரங்க இரயிலிலும் சுமந்து ஏல நிறுவனத்திற்குக் கொண்டுவந்தார். உலகம் வியந்தது பெட்டியையும் விலையையும்தான். சாடியைச் செய்த கைகளைப் பற்றியோ பேச்சே இல்லை.

பைன் மரங்களிடையே மான்களும் கொக்குகளும் உலவும் அச்சாடியின் அடியில் சியான்லாங் பேரரசரின் பெயர்க்குறி உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்தை ஆண்ட அவர் களிமண்ணைத் தொட்டுப் பிசைந்தவர் அல்லர். அரச கலங்கள் உருவான இடம் சிங்டெசென் நகரம். அங்கு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல், 1712இல் எழுதிய கடிதத்தில் ஒரு கலம் ஏறத்தாழ எழுபது பேர் கைகளைக் கடந்து உருவாவதாகக் குறித்துள்ளார். விளிம்பில் கோடிடுபவர் ஒருவர். பூவின் புறவரை தீட்டுபவர் வேறொருவர். அதற்கு வண்ணம் நிரப்புபவர் மூன்றாமவர். மலையும் நீரும் ஒருவர் பங்கு. பறவையும் விலங்கும் மற்றொருவர் பங்கு. பாரிசில் விலைபோன சாடியிலும் பைன் மரத்தை வரைந்தவரும் மானை வரைந்தவரும் வேறு வேறு ஆட்களாக இருந்திருக்கலாம்.

அவர்தம் உழைப்பு எளிதன்று. வெண்களிமண்ணாலான கலம் ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுடப்படும். பின்னர் மெருகின்மேல் வண்ணம் தீட்டிக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவர். இரண்டாம் சூட்டில் பிழை நேர்ந்தால் முந்தைய உழைப்பு முழுவதும் வீண்.

பேரரசரின் கருவூலம் இல்லையேல் இத்தகைய கலங்களே இல்லை என்பர். அது மெய்தான். ஆயினும் பணம் கொடுத்தவர் பெயரை மட்டும் நினைவில் நிறுத்துவது முறையாகாது. அரச சூளைகளின் மேற்பார்வையாளராக 1728இல் வந்த தாங் யிங் இதை உணர்ந்திருந்தார் எனலாம். அலுவலராக வந்தவர், தொழிலாளரோடு உண்டு உறங்கித் தொழில் கற்றார். பின்னர் 1743இல் பேரரசர் ஆணைப்படி, பீங்கான் உருவாகும் நிலைகளைக் காட்டும் இருபது ஓவியங்களுக்கு விளக்கம் எழுதினார். இன்று அவர் பெயர் நிலைத்துள்ளது; அவருக்குத் தொழில் கற்பித்தவர் பெயர்கள் நிலைக்கவில்லை.

முந்தைய மிங் அரசர் காலத்தில், சிறு குறையுள்ள அரச கலங்களும் உடைத்துப் புதைக்கப்பட்டன. 1980களில் சிங்டெசென் அகழாய்வில் அச்சில்லுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றைப் பொருத்திக் கலங்களாக மீட்டனர். கோடிகளில் விலைபோகும் முழுச்சாடியைக் காட்டிலும் அவ்வொட்டுக்கலங்களே தொழிலை மிகுதியாகக் கற்பிக்கின்றன. எங்கே கை தவறிற்று, எங்கே சூடு மிஞ்சிற்று என்பதை அவற்றில் காணலாம்.

அருங்காட்சியகக் குறிப்பட்டையில் அரசர் பெயரும் ஆட்சிக்காலமும் உயரமும் இடம்பெறும். மண் பிசைந்தவர் முதல் சூளை காத்தவர் வரை எத்தனை வகைத் தொழிலாளர் அக்கலத்தில் உழைத்தனர் என்று ஒரு வரி சேர்க்க அவ்வட்டையில் இடம் போதும்.